அவன் சாப்பிட்டால்தான் நான் வருவேன்

சிங்கப்பூரில் இருக்கும் என் மகளுக்கு எட்டாம் மாசம் நடக்கும்போது, இனிமேல் விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்களாம். பிள்ளைப்பேற்றுக்கு அவள் இங்கே வருவதாகத்தான் பேச்சு. நானும் சுக்கு, மிளகு, கண்டந்திப்பிலி எல்லாம் வாங்கி முறத்தில் பரப்பிக் காயவைத்திருந்தேன். திடீரென்று போன் போட்டு, "நான் வர முடியாது, நீ வாம்மா" என்கிறாள். மருமகனுக்குத் தாய் இல்லை. அந்த ஊரில் அவளுக்கு வேறு ஆளும் இல்லை. போகாமல் இருக்க முடியுமா? ஆனால் என் வாயிலிருந்து முதலில் வந்தது, "அப்ப நாய யாரு பாத்துக்குவா?" என்பதுதான்.

அதற்கு மகள், "யம்மா, நான் ஒன் வயித்துல பொறந்த மகதானே?" என்று கேட்டாள்.

நான் படிக்காதவள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதித் தருவது மகன் வீட்டுப் பேத்தி. "அப்பத்தா, நாய் எப்புடி வந்துச்சுன்னு சொல்லாமப் போனா படிக்கிறவங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்று பேனாவை நிறுத்திவிட்டாள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த மூன்றாம் மாசம், பென்ஷன் காகிதத்துக்காகக் குன்றாண்டார்கோவில் ஒன்றிய ஆபீசுக்குப் போயிருந்தேன். கையெழுத்துப் போட வேண்டியவர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். மத்தியானம் ஆனது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுபோன தயிர்ச்சோற்றைத் திறந்தேன். ஒரு குட்டி வந்து எதிரே உட்கார்ந்தது. செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்து கிடந்தது. குரைக்கவும் இல்லை, வாலாட்டவும் இல்லை. பாத்திரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. பாதிச் சோறு போட்டேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு மினி பஸ் ஏறினால் பின்னாலேயே ஓடி வருகிறது. டிரைவர் வண்டியை நிறுத்தி, "ஆத்தா, ஒங்க நாய் வருது பாருங்க" என்றார். என் நாய் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் இறங்கிப் போய் அதைத் தூக்கினேன். மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பேத்தி அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் வைத்தாள். அது என் நாக்கில் ஏறவில்லை. நான் "இந்தா" என்பேன், அவன் வருவான். ஐந்து வருஷமாக அவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை.

அவனை எங்கே விடுவது? மகன் திருச்சியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறான். வீட்டுக்காரம்மாவுக்குப் பூனை நடந்தாலே தலைவலி வரும். பக்கத்து வீட்டுக்காரி எனக்குத் தங்கச்சி முறை, நல்லவள், ஆனால் பதினாறு கோழி வளர்க்கிறாள். கேட்டுப் பார்த்தேன்.

"விட்டுட்டுப் போங்கக்கா. ஆனா நீங்க திரும்பி வரையில கோழியும் இருக்காது, அதத் தின்ன நாயும் இருக்காது. சம்மதமா?"

"ஏண்டி, அவன் ஒன் கோழிய என்னைக்குத் தொட்டான்?"

"பொங்கலுக்கு முந்தின வாரம். எறக்கை மட்டும் ஒங்க வாசல்ல கெடந்துச்சு. நான்தான் வாயத் தொறக்கல."

அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

அப்புறம்தான் மகன் விசாரித்துச் சொன்னான், புதுக்கோட்டை டவுனுக்கு வெளியே ஒரு பெண் வீட்டோடு நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிறாள் என்று. இதைக் கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "நாய்க்கு லாட்ஜாக்கா? ஏசி ரூமா, சாதா ரூமா?" எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் மகளிடம் உறுதியாகச் சொல்லிவிட்டேன்: "அவன் அங்கிட்டுப் போயி வாய் தொறந்து சோறு தின்னாத்தான் நான் வருவேன். பட்டினி கெடந்தான்னா டிக்கெட் போடாத." அவளுக்கோ நாள் நெருங்குகிறது. டிக்கெட் போடாமல் என் வாய்ச்சொல்லுக்குக் காத்திருந்தாள்.

நாய் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். மீமிசல் பக்கம் பிறந்து, டவுனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதல் தடவை போனில் பேசும்போதே கண்டிப்பாகச் சொன்னாள்: "அம்மா, கொண்டாந்து விட்டுட்டு ஓடிறாதீங்க. கொஞ்சங் கொஞ்சமாப் பழக்கணும். வெறிநாய் ஊசி போட்ட அட்டை வேணும். சங்கிலில நிக்கத் தெரியணும். வண்டியில ஒக்காரத் தெரியணும். மொதல்ல அரை நாளு, பெறகு ஒரு நாளு, அப்பறம் ராத்திரி. நீங்க கட்டுன பழைய சேலை ஒண்ணு கொண்டாங்க. அது மேலதான் படுக்கும்."

மாட்டாஸ்பத்திரியில் ஊசி போட்டோம். அவன் ஊசிக்கு ஒன்றும் சொல்லவில்லை. அங்கே நின்ற ஒரு கன்றுக்குட்டியைப் பார்த்துத்தான் என் கால் இடுக்கில் புகுந்துகொண்டான். சங்கிலி பெரிய பாடாகிவிட்டது. பிறந்ததிலிருந்து கழுத்தில் ஒன்றும் இல்லாமல் திரிந்தவன். முதலில் சேலைக் கரையைக் கிழித்து நாடா மாதிரி கட்டினேன். நகராமல் உட்கார்ந்து என்னையே பார்த்தான். ஊரே பார்க்க நான் அவனை ஏதோ அவமானப்படுத்திவிட்ட மாதிரி ஒரு பார்வை. இரண்டு நாள் நானும் அவனைப் பார்க்காமல் வேலை செய்தேன். மூன்றாம் நாள் நாடாவோடு கொல்லைக்குப் போய் வந்தான். அப்புறம் பட்டை, அப்புறம் சங்கிலி.

வண்டிதான் வேடிக்கை. எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவன் எனக்கு மருமகன் முறை. அவனைக் கூப்பிட்டு, "வண்டிய நிறுத்திப் போடு. நாங்க ஏறி ஒக்காந்துட்டு எறங்கிக்கிறோம்" என்றேன்.

"எங்க போகணும் அயித்தே?"

"எங்கயும் போகல. ஒக்காரத்தான்."

"எந்திரமாச்சும் ஓடணுமா?"

"இன்னைக்கு வேணாம். நாளைக்கு ஓட விடு. நாளான்னைக்கு முக்குவரைக்கும் போவோம்."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் செய்தான். நானும் நாயும் ஓடாத ஆட்டோவில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்த்தோம். போகிறவர் வருகிறவர் எல்லாம் "எங்க ஆத்தா பயணம்?" என்று கேட்டார்கள். சிங்கப்பூருக்கு என்றேன்.

இப்படி எல்லாம் செய்து, ஒரு செவ்வாய்க்கிழமை அரை நாளுக்கு என்று கொண்டுபோனோம். நல்ல இடம். பின்பக்கம் தகரக் கொட்டகை, தனித்தனித் தடுப்பு. முற்றத்துக்கு மேலே முழுக்கக் கம்பி வலை போட்டிருந்தாள், குரங்கு இறங்குகிறதாம். நான் மஞ்சப்பையிலிருந்து சேலையை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். திரும்பவும் முகர்ந்தாள்.

"அம்மா, இதத் தொவச்சீங்களா?"

"தொவைக்காம? ரெண்டு தடவை சோப்புப் போட்டு, கஞ்சி வச்சு, நெழல்ல காயப்போட்டு மடிச்சேன்."

"அய்யய்ய! ஒங்க வாசனைக்குத்தானம்மா கேட்டேன். இதுல சோப்புக் கம்பெனி வாசனையில்ல அடிக்குது!"

"ஏம்மா, நல்லா இருக்கே. கட்டி அவுத்த சேலைய அப்புடியே சுருட்டி அடுத்த வீட்டுக்குக் கொண்டாருவாங்களா? பாக்குறவுக என்ன நெனைப்பாக?"

"பாக்குறது நாய்ம்மா."

அன்றைக்கு அவன் சேலை மேல் படுக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. நான் எதிரே டீக்கடை பெஞ்சில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் மட்டும் குடித்தானாம். சரி, சேலைதான் காரணம் என்று வீட்டுக்கு வந்தோம். அடுத்த மூன்று நாள் ஒரே சேலையைக் கட்டினேன். கட்டிக்கொண்டே நெல் அவித்தேன், அடுப்பு ஊதினேன், கொல்லையைக் கூட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி கிட்டே வந்து, "என்னக்கா இது, கிட்ட நிக்க முடியல" என்றாள். அதுதான் வேண்டும் என்றேன்.

இரண்டாம் தடவை அந்தச் சேலையை விரித்ததுமே அதில் மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டான். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. ஆனால் மத்தியானம் அவள் வாசலுக்கு வந்து கையை விரித்தாள்.

"திங்கலம்மா. நீங்க கொண்டாந்த சோறு, நீங்க சொன்ன மாதிரியே மீன் தலை போட்டுப் பெசஞ்சு வச்சேன். மோந்துகூடப் பாக்கல. மேல மேல பாக்குது."

"மேல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வலைதான் இருக்கு."

உள்ளே போனேன். என்னைக் கண்டதும் வால் ஆடியது. தட்டை எடுத்து என் கையாலேயே அவன் முன்னால் வைத்தேன். அவன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையைத் தூக்கி மேலே பார்த்தான். தொடவில்லை. என் கையால் வைத்த சோற்றையே தொடவில்லை! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் விட்டுவிட்டுப் போகப்போவது தெரிந்து, இப்போதே கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். சரி, போகவில்லை என்று மகளிடம் சொல்லிவிட வேண்டியதுதான் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

அந்தப் பெண் விடவில்லை. "அழுகாதீங்கம்மா. வீட்ல எப்புடி வைப்பீங்க? அடுப்புல இருந்து எறக்குனதுல இருந்து செஞ்சு காட்டுங்க. பேசாதீங்க, செய்யிங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. என்ன செய்ய, செய்தேன். அங்கே ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதை அடுப்பாக வைத்துக்கொண்டேன். சோற்றுப் பானையை இறக்குகிற மாதிரி இறக்கினேன். வடித்தேன். அகப்பையால் எடுத்தேன். ஒரு பிடி சோற்றை அள்ளினேன். அள்ளிய கை அதுபாட்டுக்குக் கொல்லைப்பக்கம் திரும்பியது. கால் நாலு எட்டு வைத்தது. சுவர் பக்கம் போய்க் கையைத் தூக்கினேன்.

அவன் சடாரென்று எழுந்து நின்றான். காது மடியாத பக்கம் குத்திட்டு நின்றது.

காக்கை! அட, காக்கைக்கு வைக்கிற சோறு!

எங்கள் வீட்டில் உலை இறக்கினால் முதல் பிடி காக்கைக்கு. இறந்தவர்கள் காக்கையாக வந்து சாப்பிடுகிறார்கள் என்று செய்வதுதான். என் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து ஒருநாள்கூட விட்டதில்லை. குட்டியாக வந்த புதிதில் இவன் அந்தப் பிடிச் சோற்றின் மேல் பாய்ந்தான். மூக்கில் ஒரு தட்டுத் தட்டி, "இரு, மொதல்ல அவுக சாப்பிடட்டும்" என்றேன். இரண்டு தடவை தட்டியிருப்பேன். அன்றிலிருந்து காக்கை வந்து கொத்தும்வரை தட்டின் முன்னால் உட்கார்ந்து சுவரையே பார்ப்பான். தினமும் நடக்கிறது. கண்ணெதிரே நடக்கிறது. ஆனால் நாய்க்குச் சோறு வைக்கிற முறை என்ன என்று அந்தப் பெண் கேட்டபோது, மீன் தலையைச் சொன்னேன், உப்புக் குறைவு என்று சொன்னேன், காரம் ஆகாது என்று சொன்னேன். இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. மூச்சு விடுகிறதை யாராவது சொல்லுவார்களா?

என் வீட்டுக்காரரை அவன் பார்த்ததே இல்லை. பார்க்காத மனுஷருக்காகத்தான் ஐந்து வருஷமாகப் பசியோடு காத்திருந்து, அவர் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டிருக்கிறான். பெற்ற பிள்ளைகள்கூட அமாவாசைக்கு அமாவாசைதான்.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் வாயில் கை வைத்தாள். "வலை போட்டிருக்கேனேம்மா, காக்கா எப்புடி வரும்?" என்றவள், அவளே சங்கிலியை அவிழ்த்து அவனை முன்வாசலுக்குக் கூட்டி வந்தாள். மதில் மேல் ஒரு வாழை இலைத் துண்டில் சோறு வைத்தேன்.

"கூப்புடும்மா" என்றேன்.

"நானா?"

"நான் போனா நீதானே கூப்புடணும்."

"மீமிசல்ல கருவாடு காயப்போட்டுட்டுக் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் காக்கா வெரட்டுனவ நான். வெரட்டத்தான் தெரியும், கூப்புடத் தெரியாதும்மா."

"அதேதான். கையில குச்சி இல்லாமக் கூப்புடு."

அவள் ஒருமாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கா... கா..." என்றாள். ரோட்டில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். டவுன் காக்கைக்கு என்ன குறை, பரோட்டாக் கடை இருக்கிறது, கறிக்கடை இருக்கிறது. எதிர் போஸ்டில் இரண்டு உட்கார்ந்திருந்தன, கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. நானும் சேர்ந்து கூப்பிட்டேன். எனக்குள் ஒரு சந்தேகம் வேறு: பதினைந்து மைல் தள்ளி, தெரியாத வீட்டு மதிலுக்கு அவர் வருவாரா? உயிரோடு இருந்தபோதே கூப்பிட்ட இடத்துக்கு வராத மனுஷர்.

கால் மணி நேரம் ஆனது. நாய் அசையவில்லை. பிறகு ஒன்று இறங்கி, மதிலில் தத்தித் தத்தி வந்து, எங்கள் மூன்று பேரையும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒரு பருக்கையைக் கொத்தியது. இன்னொன்றைக் கொத்தியது.

அவன் திரும்பி விறுவிறுவென்று உள்ளே போனான். பின்னாலேயே ஓடினோம். தட்டில் தலையை விட்டு, தட்டு தரையில் உருண்டு போகிற அளவுக்கு நக்கித் தீர்த்தான்.

அந்தப் பெண் கை தட்டினாள். நானும் தட்டினேன். சிரிப்பு அடங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் சாப்பிட்டுவிட்டான். அப்படியென்றால் நான் போக வேண்டும்.

ஆட்டோவில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவன் சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்து எனக்குக் கண்ணீர் வந்தது நிஜம். ஆனால் கண்ணீருக்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு முதல்முதலாகப் பேத்திதான் எழுதுகிறாள். பஸ் போர்டு படிக்கத் தெரியாமல், நிறத்தை வைத்தும் டிரைவர் முகத்தை வைத்தும் பஸ் ஏறுகிறவள் நான். கடல் தாண்டி, யாரையும் தெரியாத இடத்தில், எந்த வாசலில் நுழைவது, யாரிடம் காகிதத்தைக் கொடுப்பது? பயமாக இருக்கிறது என்று மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. நாயைச் சொல்லுவது சுலபமாக இருந்தது. அவன் பட்டினி கிடந்தால் நான் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். அவனோ என் வீட்டுக்காரரைக் காத்துக்கொண்டிருந்தானே தவிர, என்னைப் பிடித்து வைக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டேன். "சாப்புட்டுட்டான். டிக்கெட் போடு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது. எட்டரை மாச வயிற்றோடு இத்தனை நாள் ஒரு நாயின் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்குத் தாங்கவில்லை.

"யாத்தா, நாய் மேல பழியப் போட்டுட்டேன். எனக்குத்தான் பயம்" என்றேன்.

"தெரியும்மா" என்றாள்.

"தெரியுமா? எப்பலேருந்து?"

"மொத நாளே. நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

அவளுக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. என்னிடமிருந்து இல்லை.

அதற்கப்புறம் நாய் ஒரு முழு நாள் தங்கினான், ஒரு ராத்திரியும் தங்கினான். காக்கையைப் பழக்க வேண்டும் என்று தினமும் மதிலில் சோறு வைத்துவிட்டு அந்தப் பெண் போன் போட்டு, "அம்மா, ஒங்க வீட்டுக்காரரு இன்னைக்கு ஜோடியா வந்தாரு" என்று வம்பிழுத்தாள். "யாரு அவ, நல்லாப் பாத்துச் சொல்லு" என்றேன்.

டிக்கெட் அடுத்த வாரத்துக்குக் கிடைத்தது. அன்று சாயங்காலமே ஆட்டோக்கார மருமகனைக் கூப்பிட்டேன்.

"நாளைக்குக் காலையில திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போயிட்டு வரணும்."

"பயணம் அடுத்த வாரமில்ல அயித்தே?"

"ஆமா. நாளைக்கு ஏறல. வாசலைப் பாத்துட்டு வந்துருவோம்."

அவன் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தான். சிரிக்கவில்லை. "எத்தன மணிக்கு வண்டியக் கொண்டாரட்டும்?" என்று மட்டும் கேட்டான்.

போனோம். பெரிய கண்ணாடிக் கதவு, ஆள் கிட்டே போனால் தானாகத் திறக்கிறது. அதன் முன்னால் துப்பாக்கியோடு ஒரு பிள்ளை நின்றுகொண்டு, "டிக்கெட், பாஸ்போர்ட் காட்டுங்கம்மா" என்று கை நீட்டியது.

"இன்னைக்கு இல்ல தம்பி. அடுத்த வியாழக்கெழமை வாரேன். இந்த வாசல்தானே?"

"இதே வாசல்தாம்மா."

"நீதான் நிப்பியா?"

"நான் இல்லன்னாலும் யாராவது நிப்பாங்கம்மா."

நல்லது என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று, பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போகிறவர்கள் எந்தக் கையில் காகிதத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டேன்.